வாப்பாவின் ஜீப்பும் நாங்கள் போட்ட வயரும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். வீட்டில் பழைய ஜீப், டபுள் கெப், லொறி வைத்திருப்பவர்கள் நேரமில்லாவிட்டாலும் வாசியுங்கள்.

டிசம்பர் லீவு முழுக்க எங்கள் வாசலில் வாப்பாவின் லேண்ட் ரோவர் வயிற்றைக் கிழித்துப் போட்ட மாதிரி நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். டாஷ்போர்ட் திண்ணையில், சீற்றுகள் முருங்கை மரத்தடியில், வயர்கள் கதிரையில். ஜும்ஆவுக்குப் போகும்போதும் வரும்போதும், "என்ன சேர், உடைச்சி விக்கப் போறீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கெல்லாம் "வயரிங் வேலை" என்று மட்டும் சொன்னோம். அது அரைப் பதில்தான். மீதி இது.

நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். ஒருவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார், ஒருவர் கடலுக்குப் போகிறார், கடைசித் தம்பி புத்தளம் டவுனில் போன் கடையில் நிற்கிறார். எழுதுவது படிப்பிக்கிறவர். ஆனால் "பிழையைப் பங்கு போட்டுப் பார்க்க வேணாம் நானா, எல்லாருக்கும் சேர்த்து எழுதுங்க" என்று தம்பிமார் சொன்னபடியால் கடைசி வரைக்கும் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். அவர்களுடைய பெருந்தன்மை அது. உண்மையில் யார் பங்கு கூட என்பது வாசித்துப் போகும்போது விளங்கும்.

முதலில் ஜீப்பைப் பற்றி. சீரிஸ் த்ரீ, டீசல். வாப்பா 1986இல் ஓர் ஏலத்தில் எடுத்தது. லேண்ட் ரோவர் 1948இல் இங்கிலாந்தில் தொடங்கியபோது யுத்தம் முடிந்து உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் பொடியை அலுமினியக் கலவையில் அடித்தார்கள். அந்தத் தட்டுப்பாட்டின் புண்ணியத்தில்தான் இன்றைக்கும் எங்கள் கடற்காற்றில் பொடி துருப்பிடிக்காமல் நிற்கிறது. ஆனால் அடியில் இருக்கும் செசி உருக்கு. உள்ளே ஓடும் வயர் செம்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அப்பால் உப்பளம் என்று இருக்கும் எங்கள் ஊரில் அலுமினியமும் உருக்கும் செம்பும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? எலுமிச்சம்பழத்தில் செம்புத் தகடும் நாகத் தகடும் குத்தி பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே, அதேதான். ஜீப் முழுக்க நூறு எலுமிச்சம்பழம். வயரின் தோலை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி.

அந்த ஜீப்பில் வெங்காயம் போயிருக்கிறது, மீனுக்கு ஐஸ் போயிருக்கிறது, கல்யாணச் சோற்றுச் சட்டி போயிருக்கிறது, ஜனாஸாவும் போயிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் ஜீப்பைக் கழுவி மெழுகு போட்டோம். ஓர் ஆசிரியர் சம்பளத்துக்கும் மீன் சீசனுக்கும் அதுதான் கட்டுப்படியாகும் மரியாதை. இடையில் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பல மாதம் முருங்கை மரத்தடியில் நின்றது. அந்த நேரத்தில் எலி பூந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் கூடு கட்டியிருந்ததும் பின்னால்தான் தெரிந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

போன வருட ஆரம்பத்தில் ஒரு எல்.ஈ.டி. லைட் பார் வாங்கினோம். இரண்டரை அடி நீளம், பெட்டியில் 180 வொட் என்று போட்டிருந்தது. ஜீப்பின் ஹெட்லைட் மங்கல். கண்டக்குழிப் பக்கம் மணல் பாதையில் ராவில் போனால் பள்ளம் தெரியாது, வண்ணாத்திவில்லுப் பக்கம் போனால் யானை தெரியாது. அதெல்லாம் நாங்கள் வீட்டில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம், வில்பத்துக்கு வரும் சஃபாரி ஜீப்புகளைப் பார்த்து வந்த ஆசை. நாட்டுக்கே 900 மெகாவொட் கொடுக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் தோளில் இருக்கிறது, எங்கள் ஜீப்புக்கு வெளிச்சம் இல்லை என்று வேறு பகிடி விட்டுக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் சேர்ந்து பூட்டினோம். பெட்டரி முன் சீற்றுக்குக் கீழே. அங்கிருந்து நேராக ஒரு வயர், கால்மிதியடிக்குக் கீழால், டாஷ்போர்டுக்குக் கீழ்த் தகரத்தில் ட்ரில்லால் ஒரு ஓட்டை போட்டு உள்ளே, சுவிட்சுக்கு. சுவிட்சிலிருந்து கண்ணாடிக் கம்பத்தால் மேலே. வயர் வீட்டில் கிடந்தது. ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய இரட்டை வயர். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. பியூஸ் போடவில்லை. மஃரிபுக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்ற அவசரம். போட்டுப் பார்த்தோம், மதில் பகல் மாதிரி தெரிந்தது. போட்டோ எடுத்துப் போட்டோம். உங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் லைக் போட்டிருந்தீர்கள்.

அடுத்த கிழமை தரம் 11 வகுப்பில் கரும்பலகையில் எழுதியது, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம். கணக்கும் செய்து காட்டினோம். வீட்டு வாசலில் நிற்கும் ஜீப் அந்தக் கணக்குக்குள் வரும் என்று தோன்றவேயில்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்தவர்கள் "அன்றாட வாழ்வோடு தொடர்புபடுத்துங்கள்" என்று சொல்லிச் சொல்லியே ஓய்ந்து போனார்கள். பாடக்குறிப்பில் அந்த நிரலை நிரப்பிக் கையெழுத்தும் வாங்கினோம்.

ஓகஸ்ட் லீவில் ஒரு நாள். ஆலங்குடாக் கடற்கரைக்குப் போய்விட்டு மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்புகிறோம். வாப்பா முன்னால், அவருக்குப் பக்கத்தில் பெட்டரிக்கு மேல் சீற்றில் ஆறு வயது மகள், பின்னால் மற்றப் பிள்ளைகள் நாலு பேர். ஓட்டியது மூத்தவர், கடலுக்குப் போகும் தம்பி பின்னால். மணல் பாதையில் ஒரு குலுக்கல். முதலில் மணம்தான் வந்தது, பிளாஸ்டிக் எரியும் மணம். அடுத்தது டாஷ்போர்டுக்குக் கீழிருந்து வெள்ளைப் புகை. ஹெட்லைட் செத்தது. லைட் பாரின் சுவிட்சை ஓவ் செய்தோம். புகை நிற்கவில்லை. சாவியைத் திருப்பினோம். இஞ்சின் நிற்கவில்லை, இது டீசல். தனிக் கம்பி இழுத்துத்தான் நிறுத்தவேண்டும். புகையும் நிற்கவில்லை.

"பெட்டரி! பெட்டரி!" என்று வாப்பா கத்தினார்.

தம்பி பின்னாலிருந்து பாய்ந்து வந்து மகளைத் தூக்கி மணலில் இறக்கி, சீற்றை இழுத்தெறிந்து, பெட்டரியில் மாட்டியிருந்த எங்கள் வயரைக் கையால் பிடித்துப் பிடுங்கினார். வயர் அப்போது சிவந்திருந்தது. தோல் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. பிடுங்கியதும் எல்லாம் நின்றது. இருட்டில் பிள்ளைகளின் அழுகை மட்டும். எண்ணிப் பார்த்தோம், ஐந்து பேரும் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

தம்பியின் வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு. மூன்று கிழமை கடலுக்குப் போகவில்லை. வலை இழுக்கும் கை. இப்போதும் அந்த இடத்தில் தோல் பளபளவென்று இருக்கிறது. "கைரேகை பார்க்கிறவனுக்கு இனி வேலை லேசு" என்று சொல்லிச் சிரிப்பார்.

இதுவரை நடந்தது விபத்து. இனி வருவதுதான் எழுத வெட்கமாக இருக்கிற பகுதி.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா சொன்னார், "என்ட வயரிங் பழசாப் போச்சு மகன். நான் அந்தக் காலத்தில ஒட்டுப் போட்ட வயர்." நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. சிவந்த வயர் எது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் புகை வந்த இடத்தில் வாப்பாவின் வயர்களும் சேர்ந்துதான் உருகியிருந்தன, பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு கிழமை போனபோது அது சொல்லாத விஷயமாகவே ஆகிவிட்டது.

வாப்பா அதன் பிறகு ஜீப்புக்குப் பக்கத்தில் போவதில்லை. செப்டெம்பரில் கொழும்புப் பக்கத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய லேண்ட் ரோவர்களை வாங்கிப் புதுப்பித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல விலைதான் சொன்னார். வாப்பா "பேரப்புள்ளைகளக் கொல்லப் பார்த்த சாமான், கொண்டு போகட்டும்" என்றார். உம்மாதான் "கொஞ்சம் பொறுங்க" என்று தடுத்தா. அப்போதும் நாங்கள் பேசவில்லை.

நவம்பர் 28ஐ ஒருவரும் மறந்திருக்கமாட்டீர்கள். டித்வா. கரண்ட் இல்லை, எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். ராவு முன்வீட்டு மாமிக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியது. அவவின் மகன் மழைக்குள் ஓடி வந்து கேற்றைத் தட்டினார். "ஜீப்பை எடுங்க நானா" என்றார். தண்ணீருக்குள் போக ஊரில் அதைவிட நல்ல வாகனம் இல்லை. அது மரத்தடியில் வயர் எரிந்த பிணமாக நிற்கிறது. கடைசியில் ட்ரக்டர் பெட்டியில் தறப்பால் போர்த்தித்தான் மாமியைக் கொண்டு போனார்கள். மாமி சுகமாக வந்துவிட்டா. ஆனால் அந்த ட்ரக்டர் தண்ணீருக்குள் இறங்கிப் போனதை வாசலில் நின்று பார்த்தோமே, அந்த நேரம் மூன்று பேருக்கும் ஒரே நினைப்புத்தான்.

டிசம்பரில் உடப்பிலிருந்து ஓர் அண்ணனைக் கூட்டி வந்தோம். பழைய வாகன வயரிங் மட்டுமே செய்கிறவர். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஏற்கனவே வேலை கூடவாம். வந்து ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பல்ப், இரண்டு வயர் துண்டு வைத்துச் செய்த டெஸ்ட் லைட்டால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். டாஷ்போர்டைக் கழற்றினார். எலிக்கூட்டை எடுத்து எறிந்தார். வாப்பா தூரத்தில் கதிரை போட்டு இருந்தார்.

உருகின கட்டை வெளியே எடுத்து நிலத்தில் விரித்து வைத்துக்கொண்டு அண்ணன் பாடம் எடுத்தார். பிரித்தானிய வாகனங்களில் வயர் நிறத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பெட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் உள்ளது. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அது பியூஸ் கடந்து வருவது. நீலம் ஹெட்லைட். சிவப்பு சின்ன லைட்டுகள். கறுப்பு எர்த். "நானா ஒட்டுப் போட்ட இடமெல்லாம் சிவப்பு" என்று அண்ணன் சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். "கடையில அண்டைக்கு சிவப்புத்தான் இருந்த." ஒரு பியூஸ் இடத்தில் சிகரட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. வாப்பா சிகரட் குடிப்பவரில்லை. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று உம்மா இன்றுவரை விசாரிக்கிறா.

பிறகு அண்ணன் கட்டின் அடியிலிருந்து ஒரு வயரை இழுத்தார். தோலே இல்லாத, கறுத்த, மெல்லிய செம்பு. அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டை வரைக்கும் போனார். ஓட்டையின் ஓரத்தில் தகரம் உருகிய ஒரு புள்ளி.

"தீ இதிலதான் வந்திருக்கு. இது நானாட வயர் இல்லையே. இது புதுசு. ஆரு போட்டது?"

முற்றத்தில் கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. நாங்கள்தான் என்று சொன்னோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம் என்று எழுத ஆசைதான். படிப்பிக்கிறவர் கடைசியாகத்தான் சொன்னார்.

வாப்பா எழும்பி வந்து அந்த வயரைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரலால் நிமிர்த்தினார். "இது ஸ்பீக்கர் வயர் எலா?" என்றார். "ஓம் வாப்பா." "நாலு மாசமா நான் ராவில நித்திரை இல்லாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அஸருக்குப் பள்ளிக்கு எங்களோடு வரவில்லை, தனியாகப் போனார். இஷாவுக்குப் பிறகு வந்து, "நாளைக்கு எத்தன மணிக்கு அந்தத் தம்பி வாரார்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து வேலை முடியும் வரைக்கும் டோர்ச் பிடித்தது வாப்பா.

அண்ணன் சொன்ன ஒரு வசனத்தை இப்போது எங்கள் விஞ்ஞான கூடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "சேர், பியூஸ் லைட்டைக் காப்பாத்தப் போடுறதில்ல, வயரைக் காப்பாத்தப் போடுறது." கணக்கைச் செய்து பார்த்தோம். 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் ஒரு மீற்றருக்குத் தடை ஏறக்குறைய 0.023 ஓம். பெட்டரியிலிருந்து ஓட்டை வரைக்கும் இரண்டு மீற்றர், 0.046 ஓம். தோல் தேய்ந்து தகரத்தில் முட்டினால் 12 வோல்டுக்கு இருநூறு அம்பியருக்கு மேல் ஓடப் பார்க்கும். முட்டின இடத்தின் தடை, பெட்டரியின் தடை எல்லாம் கழித்து 150 என்றே வையுங்கள். வர்க்கம் 22,500. தடையால் பெருக்கினால் ஆயிரம் வொட். ஓர் அயன் பொக்ஸின் வெப்பம், விரலைவிட மெல்லிய வயருக்குள், கால்மிதியடிக்குக் கீழே. சுவிட்சை ஓவ் செய்தது ஏன் உதவவில்லை என்றால், முட்டின இடம் சுவிட்சுக்கு முன்னால். பெட்டரிக்குப் பக்கத்தில் ஒரு 20 அம்பியர் பியூஸ் இருந்திருந்தால், டக் என்று அது எரிந்து, லைட் பார் அணைந்து, நாங்கள் கொஞ்சம் ஏசிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம்.

செய்த வேலையைச் சொல்கிறோம், யாருக்காவது உதவும்.

முதல் இரண்டு நாள் எர்த் மட்டும்தான். எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. லைட் எப்போது பூட்டுவது என்று கேட்டோம். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டரியிலிருந்து செசிக்கு, செசியிலிருந்து இஞ்சினுக்கு, செசியிலிருந்து பொடிக்கு என்று தடித்த எர்த் வயர்கள். பெயின்றைச் சுரண்டி, உலோகம் மினுங்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ். "அரைவாசி ஜீப்புகளுக்கு லைட் மங்கல் இல்ல, எர்த்துத்தான் இல்ல" என்றார். எர்த் போட்டுவிட்டு பழைய ஹெட்லைட்டையே போட்டுப் பார்த்தோம். முகத்தில் அடித்தது. லைட் பார் வாங்கவே தேவையிருந்திருக்காது என்று தம்பி சொன்னார். நாங்கள் கேட்காத மாதிரி இருந்தோம்.

அதன் பிறகு பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ். அதோடு கையால் திருப்பி எல்லாவற்றையும் வெட்டும் ஒரு கட் ஓவ் சுவிட்ச், ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் கை நீட்டினால் எட்டும் இடத்தில். அதை எங்கே வைப்பது என்று வாப்பாதான் காட்டினார். மகளைச் சீற்றில் இருத்தி அவளுடைய கை எட்டுகிறதா என்றும் பார்த்தார்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டோம். எங்கள் ஜீப்பில் ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் பக்கத்துச் சின்ன சுவிட்சுக்குள்ளால் போய் வந்தது, பியூஸும் இல்லை. இரண்டு லைட்டும் சேர்த்து 10 அம்பியர். அத்தனை தூரம் பழைய வயரில் சுற்றி வரும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே செலவு. சாதாரண பல்புக்கு வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் அளவில் குறைந்துவிடும். ரிலே என்பது மஸ்ஜிதில் முஅத்தின் மைக் போடுவது மாதிரி: அவர் சின்ன சுவிட்சைத்தான் தட்டுகிறார், பெரிய வேலையை அம்பிளிஃபயர் செய்கிறது. பழைய சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும் தட்டும். லைட்டுக்கு வேண்டிய கரண்ட் பெட்டரியிலிருந்து தடித்த வயரில் பியூஸ் கடந்து நேராக வரும்.

ஹீட்டர் பிளக்கும் மாற்றினோம். டீசல் வைத்திருப்பவர்களுக்கு இது. பழைய லேண்ட் ரோவர் டீசலில் நாலு பிளக்கும் தொடராக இணைத்திருக்கும், கந்தூரிக்குக் கட்டும் பழைய மாலை பல்ப் மாதிரி. ஒன்று போனால் நாலும் செத்துவிடும், எது போனது என்றும் தெரியாது. சமாந்தரமாக இணைக்கும் பிளக் போட்டு அதற்குத் தனிப் பெரிய ரிலேயும் தடித்த வயரும் போட்டோம். பழைய வயரில் இதைக் கொடுத்தால் அதுவும் தீதான். நாலு பிளக்கும் சேர்ந்து நாற்பது அம்பியர் அளவில் இழுக்கும். தொடர் இணைப்பும் சமாந்தர இணைப்பும் இந்தத் தவணையில் வாசலில் வைத்தே படிப்பித்தாயிற்று. எட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை வந்தார்கள்.

வயர் விஷயத்தில் தம்பி சொன்னதை அண்ணனும் ஏற்றுக்கொண்டார். கடலுக்குப் போகும் போட்டுகளுக்குப் போடும், வெள்ளீயம் பூசிய செம்பு வயர். உப்புக்காற்றில் பச்சை பிடிப்பது குறைவு. விலை கூடத்தான். வயருக்கும் பியூஸ் பெட்டிக்கும் ரிலேக்கும் போன காசு, லைட் பாருக்குப் போன காசைப் போல மூன்று மடங்கு. தகரத்தில் ஓட்டை இருக்கும் இடமெல்லாம் ரப்பர் வளையம். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றவில்லை, எல்லாம் நசுக்கிப் பூட்டிய முனைகள். ஒவ்வொரு வயரிலும் கடைசித் தம்பி சின்னத் தமிழ் எழுத்தில் பெயர் ஒட்டினார். முப்பது வருடம் கழித்து யாராவது திறந்தால் எங்களை ஏசாமல் இருக்கட்டும்.

கடைசியில் பெட்டரி பலகையில் போன் சார்ஜ் பண்ண நாலு துளை. புயல் நாட்களில் போன் செத்துப்போய் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் தவித்தோமே, அதற்காக.

வேலைக்கு நடுவே ஒரு வாக்குவாதம் வந்தது. பின்பக்கக் கூரையில் ஒரு பழைய லைட். போட்டில் பூட்டுவது, பித்தளை, கண்ணாடி ஓரம் உடைந்தது. அண்ணன் "இதக் கழட்டிட்டு ஒரு எல்.ஈ.டி. போடுவோம்" என்றார். வாப்பா "அது இருக்கட்டும்" என்றார். மூன்று பேரும் அந்த லைட்டைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், ஏன் என்று கேட்டதில்லை. அன்றைக்குத்தான் வாப்பா சொன்னார். 1990 ஒக்டோபர் கடைசியில் மன்னாரிலிருந்து சனம் போட்டுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியபோது, வாப்பாவும் ஊராரும் கரையிலிருந்து பள்ளிக்கும் பாடசாலைக்கும் ஏற்றிப் பறித்திருக்கிறார்கள். முதல் ராவில் ஜீப்புக்குப் பின்னால் வெளிச்சம் இல்லை. ஒரு தாய் ஜீப்பில் ஏறிய பிறகு பிள்ளை ஒன்று குறைகிறது என்று கத்தியிருக்கிறா. பிள்ளை சாக்குகளுக்கு நடுவே தூங்கிப்போயிருக்கிறது. அடுத்த நாள் காலையில் ஒரு போட்டிலிருந்து கழற்றிய லைட்டை வாப்பா தன் கையால் பூட்டியிருக்கிறார். "புள்ளைகள எண்ணி ஏத்த வெளிச்சம் வேணும் எலா" என்றார். அந்த வயரும் சிவப்புத்தான்.

லைட் அதே இடத்தில் இருக்கிறது. உள்ளே வயர் மட்டும் புதுசு, 5 அம்பியர் பியூஸோடு. வாப்பாவே சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். மஞ்சள் வெளிச்சம், பெரிதாக ஒன்றும் தெரியாது.

லைட் பாரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். போட்டிருக்கிறோம், ஆனால் கூரையிலிருந்து கீழே இறக்கி பம்பரில். ரோட்டில் போகும்போது மூடி போட்டிருக்கும். போன வருட ஆரம்பத்தில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதல் லைட்டுகளையும் அலங்காரங்களையும் கழற்றச் சொன்னபோது எங்களில் பலர் திட்டினோம். நாங்களும் திட்டினோம். பாலாவி ரோட்டில் ராவில் எதிரே ஒரு எல்.ஈ.டி. பார் வந்து கண்ணில் அடித்து, சைக்கிளில் போன ஒருவரைக் காணாமல் மயிரிழையில் தப்பியதற்குப் பிறகு அந்தத் திட்டு குறைந்தது. மணலிலும் கரையிலும் மட்டும் போடுவோம். யாராவது ரோட்டில் எங்கள் பார் எரிவதைக் கண்டால் படம் எடுத்து இதற்குக் கீழேயே போடுங்கள்.

முன்வீட்டு மாமியை முதல் ஓட்டத்தில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று உம்மா சொன்னா. மாமி "எனக்கு இப்ப சுகம்தானே, எங்க போக?" என்று கேட்டா. தலவில வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். வாப்பா முன்னால் இருந்தார், கை கட் ஓவ் சுவிட்சில். மகள் நடுவில். தம்பி ஓட்டினார்.

பழைய வாகனம் வைத்திருக்கும் ஊர்ச் சகோதரர்கள் விரும்பினால் சனிக்கிழமைகளில் வாருங்கள். பெட்டரியிலிருந்து வெளிக்கிடும் ஒவ்வொரு வயருக்கும் பியூஸ் இருக்கிறதா, தகர ஓட்டைகளுக்கு ரப்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்வோம், காசு வேண்டாம். டெஸ்ட் லைட் ஒன்று அண்ணன் எங்களுக்குச் செய்து தந்திருக்கிறார். அந்த எரிந்த வயர் வேண்டுமானால் பார்க்கலாம். வாப்பா அதைச் சுருட்டி டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறார், எறிய விடுகிறாரில்லை.

ஹோர்ன் மட்டும் இன்னும் சரி வரவில்லை. இடப்பக்கம் திரும்பினால் தானாக அடிக்கிறது. அண்ணன் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் ஒழுங்கையில் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.